பெங்களூர் கப்பு

கையெழுத்து போட்டாச்சுங்க சார். பேரு தெளிவா விழுந்திருக்கான்னு பாத்துக்குங்க. ரெண்டாங் கிளாஸோட நின்னவ நான். புஷ்பம்ங்கற நாலு எழுத்து மட்டும் நல்லா வரும். மேல நீங்க எழுதினதை நீங்களே படிச்சுக் காட்டினீங்க, நானும் கேட்டுக்கிட்டேன். தமயந்தி ஆடின எந்தப் போட்டியிலயும் நான் பந்தைத் தொடல, நகத்தல. அவ்வளவுதானே? மடிச்சுப் பையில வச்சிருங்க. மழை விடற வரைக்கும் நீங்க கீழ எறங்க முடியாது, எனக்கும் இன்னிக்கு ஆட்டம் கிடையாது. அந்த ஓரம் ஒழுகும், இந்தப் பக்கம் வந்து உக்காருங்க. இந்த கேடி ஷெட்டுக்கு ஓடு மாத்தணும்னு நாங்களும் சொல்லிக்கிட்டேதான் இருக்கோம்.

கேடின்னதும் சிரிக்கறீங்க பாத்தீங்களா. எல்லாரும் சிரிப்பாங்க. போலீஸ் ஸ்டேஷன்ல போட்டோ மாட்டியிருக்கற கேடி வேற சார். நாங்க கோல்ஃப் ஆடறவங்க பையைத் தூக்கிட்டுப் பின்னாடி நடக்கற கேடி. என் வீட்டுக்காரர் போனப்புறம் அவர் நம்பரை எனக்குக் குடுத்தாங்க. பதினாலு. பொம்பள பை தூக்கினா மெம்பருங்களுக்கு அசிங்கம்னு அப்ப ஒரு பேச்சு வந்துச்சு. இருபத்தெட்டு வருஷம் ஆயிடுச்சு. இப்ப பதினாலாம் நம்பர்தான் வேணும்னு காத்துக் கிடக்கறாங்க.

டீ ஆறுது, குடிங்க. நீங்க சொன்னதை நான் சரியாத்தான் வாங்கிக்கிட்டேனான்னு ஒருதரம் சொல்லிப் பாத்துக்கறேன். எங்க தமயந்தி உங்க கோயமுத்தூர் காலேஜ்ல பொண்ணுங்களுக்கு கோல்ஃப் சொல்லித் தர்ற கோச்சு. வாசல்ல ஒரு பலகையில அவ பேரையும் அவ ஜெயிச்ச மூணு கப்பு பேரையும் பெயின்ட்ல எழுதி வச்சிருக்கீங்க. போன மாசம் ஏதோ ஒரு பொண்ணு ஆட்டத்துல பந்தை விழுந்த இடத்துல இருந்து நகத்தி வச்சு மாட்டிக்கிச்சு. நம்ம ஆளு அவளை டீமை விட்டே எடுத்துட்டா. அந்தப் பொண்ணு எல்லார் முன்னாலயும் கேட்டுருச்சாம், உங்க கேடி உங்களுக்கு நகத்திக் குடுத்தாங்களாமே மேடம், உங்க பேரு மட்டும் ஏன் பலகையில இருக்குன்னு. யார்கிட்ட கேள்விப்பட்டுதோ. தமயந்தி நேரா பிரின்சிபாலுக்கு லெட்டர் எழுதிட்டா. மூணு கப்பையும் அழிங்க, அது என்னது இல்ல, அழிக்கலைன்னா நான் வேலைய விட்டுப் போறேன்னு. அழிச்சா, அப்ப எதைப் பாத்து இவளை வேலைக்கு வச்சோம்னு மேனேஜ்மென்ட்டுல கேப்பாங்க. அழிச்சாலும் வேலை போகுது, அழிக்கலைன்னாலும் போகுது. கேடியே நகத்தலைன்னு எழுதிக் குடுத்துட்டா லெட்டரை ஓரமா வச்சிட்டு, ரெண்டு வாரம் லீவு எடுத்துக்கம்மான்னு சொல்லிடலாம். அதுக்குத்தானே உங்கள மலையேத்தி அனுப்பியிருக்காங்க?

போட்டுட்டேன்ல கையெழுத்து. இனிமே அவ வேலைக்கு ஒண்ணும் வராதுல்ல? வராதுன்னு ஒருதரம் வாயால சொல்லுங்க சார். அவளுக்கு அதை விட்டா ஒண்ணும் கிடையாது. கல்யாணம் காட்சின்னு எதுவும் பண்ணிக்கல. அப்பனும் போயிட்டான்.

அப்பன் துரைக்கண்ணு இங்க பம்ப் ஹவுஸ்ல மோட்டார் போடறவன். திங்கக்கிழமை மெம்பருங்க வரமாட்டாங்க. அன்னிக்கு கேடிங்க ஆடிக்கலாம், இது இந்த கிளப்புல வெள்ளைக்காரன் காலத்துப் பழக்கம். ஒரு திங்கக்கிழமை நான் ஆடிட்டிருக்கறப்ப இது வந்து நின்னுச்சு, ஏழு வயசு. அத்தை நானும்னுச்சு. ஒடிஞ்சுபோன மட்டை ஒண்ணைப் பாதியா அறுத்து, பிடியில சைக்கிள் ட்யூப் சுத்திக் குடுத்தேன்.

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்றது. மட்டை பந்துல படற சத்தம் ஆளுக்கு ஆள் வேற சார். எனக்கு எழுத்து தெரியாதே தவிர காது நல்லா வேலை செய்யும். திரும்பி நின்னாக்கூட யார் அடிச்சதுன்னு சொல்லிடுவேன். கர்னல் ஐயா அடிச்சா லாரியில இருந்து சாக்கு மூட்டை விழும். ஜட்ஜ் ஐயா அடிச்சா கதவை யாரோ கோவமாச் சாத்துவாங்க. இந்தக் குட்டி அடிச்சுது, பிஞ்சு பீன்ஸை ஒடிக்கற சத்தம். டக்குன்னு. அவ்வளவு சுத்தம். நான் அப்படியே நின்னுட்டேன்.

அப்புறம் அவளை விடல. விடலன்னா, நான் விடல, அவளும் விடல. பதினாலு வயசுல மெம்பர் பொண்ணுங்களைத் தோக்கடிச்சா. பம்ப்காரன் பொண்ணு எப்படி கிளப்புல ஆடலாம்னு ஒரு அம்மா கத்தினதும், கர்னல் ஐயா என் கெஸ்டுன்னு எழுதிக்கன்னு சொன்னதும் பெரிய கதை. கர்னல் ஐயா நல்லவரு. அவருக்கு நான்தான் கேடி. புஷ்பம், என் பந்துக்கு உன்னைக் கண்டா ஒரு பாசம், எங்க போய் விழுந்தாலும் நல்ல புல்லாப் பாத்து உக்காந்துக்குதேம்பாரு. சொல்லிட்டு வானத்தைப் பாப்பாரு. நானும் வானத்தைப் பாப்பேன்.

அது ஒண்ணும் இல்ல சார். அது இந்த வேலையில இருக்கறதுதான். மெம்பர் அடிப்பாரு, பந்து எங்கயோ புதர்ல போய் விழும். நாம முன்னால ஓடிப் போய் கண்டுபிடிச்சு நிக்கணும். குழியிலயோ வேர் மேலயோ கிடந்தா பாவம், வயசானவரு, கை சுளுக்கிக்குவாரு. குனியவே கூடாது. பை தோள்ல இருக்கணும், முகம் அந்தப் பக்கம் இருக்கணும். வெறுங்கால். கட்டைவிரலுக்கும் பக்கத்து விரலுக்கும் நடுவுல பந்தைக் கவ்வி, ரெண்டு சாண் தள்ளி, முட்டையைக் கூடையில வைக்கற மாதிரி புல்லு மேல வச்சிட்டு நடந்துக்கிட்டே இருக்கணும். பக்கத்துல நிக்கறவனுக்குத் தெரியாது. பந்தைத் துடைச்சுக் குடுக்கறோம், குடை பிடிக்கறோம், அந்த மாதிரி இதுவும் ஒண்ணு. மெம்பருங்களுக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருப்பாங்க. அதுக்குத்தானே பதினாலாம் நம்பர்ங்கறாங்க.

ஏன் சார் பேனாவைத் திரும்ப எடுக்கறீங்க? அது மெம்பருங்களுக்கு. தமயந்திக்கு இல்ல.

இல்லைன்னா, சும்மா திங்கக்கிழமையில செஞ்சிருக்கலாம். சின்னப் புள்ள, பந்து சேத்துல மாட்டிக்கிட்டா அழும். அதெல்லாம் கணக்கா?

முதல் கப்பு இங்கதான், நம்ம மலையில. பதினாறு வயசு. ஸ்டேட்டு பூராவும் இருந்து பொண்ணுங்க வந்திருந்தாங்க, ஒவ்வொருத்திக்கும் பின்னாடி அப்பா ஒருபக்கம் அம்மா ஒருபக்கம் ஜூஸ் பாட்டிலோட. இவளுக்கு நான் ஒருத்தி. துரைக்கண்ணு பம்ப் ஹவுஸ் கதவுச் சந்துல இருந்து பாத்துட்டிருந்தான், டூட்டியில வெளிய வரக்கூடாதே. மொத்தம் பதினெட்டு குழி, பதினோராம் குழிக்கு அடிக்கறப்ப பந்து ஒரு குளம்படித் தடத்துக்குள்ள போய் உக்காந்துருச்சு. மாடு மிதிச்ச தடம். எந்த மாடோ மிதிச்சதுக்கு என் புள்ள தோக்கணுமா? நீங்களே சொல்லுங்க. அது நியாயமா?

ஒரு தடவதான்.

பதிமூணுல ஒரு தடவ. இல்ல, ரெண்டு.

சொல்லிட்டேன், போங்க. சொல்லிட்டேன். எழுதிடாதீங்க, சும்மா பேச்சுக்குச் சொல்றேன். அடுத்த வருஷம் கோயமுத்தூர்ல ரெண்டாவது கப்பு. அங்க எத்தனைன்னு ஞாபகம் இல்ல. எண்ணிப் பாத்ததில்ல சார். காலு அதுபாட்டுக்குப் போகும். புள்ளைக்குச் சோறு ஊட்டறவ எத்தனை உருண்டைன்னு எண்ணுவாளா? அவளுக்கு ஒண்ணுமே தெரியாது. அத்தை, எனக்கு லக்கு ஜாஸ்திம்பா. பந்து எப்பவும் நல்லா விழுதும்பா. ஆமாம்மான்னு சொல்லுவேன். அவ சிரிக்கறதைப் பாக்கணும் நீங்க. அப்பல்லாம் சிரிப்பா.

பத்தொம்பது வயசுல ப்ரோ ஆயிட்டா. ப்ரோன்னா அதுவே பொழப்புன்னு ஆடறது. அங்கங்க ரயில்ல போவோம். கூட ஆடற பொண்ணுங்க பேன்ட் போட்ட, இங்கிலீஷ் பேசற கேடிங்களை வச்சிருந்தாங்க. ஒருத்தி இவகிட்ட கேட்டா, ஏன் இந்த ஆயாவைக் கூட்டிட்டு வர்றேன்னு. ஆயா இல்ல, அத்தை, இவங்க பக்கத்துல நின்னாத்தான் எனக்குப் பந்து நல்லா விழும்னா. அவ மனசறிஞ்சு பொய் சொன்னதில்ல சார். அது உண்மைன்னு நினைச்சுத்தான் சொன்னா. எனக்கு அப்ப பெருமையா இருந்துச்சு.

அப்புறம் பெங்களூர். இதை மட்டும் கொஞ்சம் கவனமாக் கேளுங்க சார். டீயைக் கீழ வச்சிட்டுக் கேளுங்க.

நாலு நாள் ஆட்டம். மொத நாள் காலையில அந்த கிளப்புல எல்லாக் கேடியையும் வரிசையா நிக்க வச்சு ஆளுக்கு ஒரு ஷூ குடுத்தாங்க. வெறுங்காலோட புல்லுல எறங்கக் கூடாதாம். நான் பொறந்ததுல இருந்து செருப்பைத் தவிர ஒண்ணும் போட்டதில்ல. என் அளவுக்கு இல்ல, ஆம்பள ஷூ. உள்ள பேப்பரைத் திணிச்சுக்கிட்டு எருமை மாதிரி நடந்தேன். விரலு அஞ்சும் உள்ள அடைஞ்சு கிடக்குது. மொதக் குழியிலயே இவ பந்து ஒரு பள்ளத்துல விழுந்துச்சு. ஓடிப் போய் நின்னேன். காலை நீட்டினேன். அந்த ஷூ முனை எங்க இருக்கு, பந்து எங்க இருக்குன்னே எனக்குத் தெரியல. எதையாவது உதைச்சு ஊர் பூரா பாத்துருமேன்னு பயந்துட்டு காலை இழுத்துக்கிட்டேன். அன்னிக்கு பூரா அப்படி. மறுநாளும் அப்படி. நாலு நாளும் சார். நாலு நாளும் நான் அந்தப் பந்தை அவ அடிச்சு விழுந்த இடத்துல இருந்து ஒரு புல்லுகூட நகத்தல. ராத்திரியில அழுதேன், என் காலு போச்சேன்னு.

கடைசி நாள் கடைசிக் குழி. மத்தவங்களை விட ஒரு அடி கம்மியா அடிச்சு முன்னால இருக்கா. பந்து போய் ஒரு மரத்து வேருக்கு அணைவா ஒட்டிக்கிச்சு. வழக்கமா அவ நிக்கற பக்கம் மரம், நிக்க இடமே இல்ல. நான் மொதல்ல போய் நின்னேன், சுத்தி ஒரு ஆள் இல்ல. காலை நீட்டிப் பாத்தேன். முடியல. மரத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். அவ வந்தா. பந்தைப் பாத்தா. என்னைப் பாக்கல. ரொம்ப நேரம் பாத்துட்டு, மட்டையைத் தலைகீழாப் பிடிச்சுக்கிட்டு, இடதுகைக்காரி மாதிரி அந்தப் பக்கம் போய் நின்னா. மட்டையோட பின்பக்கத்தால அடிக்கப் போறா. யாரும் சொல்லிக் குடுக்கல சார். நான் கண்ணை மூடிக்கிட்டேன். சத்தம் கேட்டுச்சு. அதே பீன்ஸ். பின்பக்கத்தால அடிச்சும் அதே சத்தம்.

ஜெயிச்சுட்டா. அது அவ ஜெயிச்சது. முழுசா, நாலு நாளும், தனியா.

இதைப் பாத்தப்புறமாவது எனக்குப் புத்தி வரணும்ல? வரல. அதைத்தான் நான் தினம் யோசிக்கறேன். இந்தத் தடவ ஏதோ சாமி புண்ணியத்துல தப்பிச்சுட்டோம், அடுத்த தடவைக்குள்ள ஷூ போட்டுக்கிட்டே செய்யப் பழகணும்னு நினைச்சேன். இதோ இந்த ஷெட்டுக்குப் பின்னாடி, வேலை முடிஞ்சதும், கர்னல் ஐயாவோட பழைய ஷூவைப் போட்டுக்கிட்டுப் பழகினேன் சார். ஒரு வருஷம். புள்ளைக்காகத்தான். அவளுக்கு வேற யாரு இருக்கா?

மறு வருஷம் வடக்கே ஒரு ஊர்ல ஆட்டம். அதுல மொத அஞ்சு பேருக்குள்ள வந்தா வெளிநாட்டுல போய் ஆடச் சீட்டு. மூணு நாள் நல்லா ஆடினா. நாலாம் நாள் பதினாறாவது குழியில பந்து கல்லு இடுக்குல. நான் போனேன். ஷூவால தள்ளினேன். பழகியிருந்தேனே ஒழிய, வெறுங்கால் மாதிரி வருமா அது? கூட ஆடின பொண்ணு பாத்துட்டா. ஏதோ இங்கிலீஷ்ல சொன்னா. தமயந்தி என்கிட்ட வந்து, "அத்தை, தொட்டியா?"ன்னு கேட்டா.

இல்லம்மான்னேன்.

அவ என் ஷூவைப் பாத்தா. கல்லு மேல உரசின வெள்ளைக் கோட்டைப் பாத்தா. "முன்னாடி எங்க இருந்துச்சு, காட்டு"ன்னா. காட்டினேன். பந்தை எடுத்து அந்தக் கல்லு இடுக்குலயே திருப்பி வச்சா. அங்க இருந்தே அடிச்சா. அதோட விட்டாளா? நடுவரைக் கூப்பிட்டு, என் கேடி நகத்திட்டாங்க, எனக்குத் தண்டம் போடுங்கன்னு அவளே சொன்னா. கார்டுல ஒரு அடி கூட ஏத்தி அவளே கையெழுத்து போட்டா. அந்த ஒரு அடியில ஆறாவதாப் போயிட்டா. ஒரு வார்த்தை சார். நான் பாக்கல, என் அத்தை அப்படிச் செய்ய மாட்டாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இன்னிக்கு வெளிநாட்டுல இருப்பா. அந்தப் பொண்ணு பொறாமையில சொன்னதை இவ எடுத்துக்கிட்டா. அன்னிக்கு எனக்கு இவ மேலதான் கோவம்.

ரயில்ல ரெண்டு நாள். எதிர் சீட்டுல உக்காந்துட்டு ஜன்னலையே பாத்துட்டு வந்தா. சாப்பாடு வாங்கிட்டு வந்தேன், தொடல. ஜோலார்பேட்டை தாண்டினப்புறம் கேட்டா, "இதுக்கு முன்னாடியும் உண்டா?" நான் சாப்பாட்டுப் பொட்டலத்தைத் திரும்பக் கட்டினேன். அதுலயே அவளுக்குப் பதில் கிடைச்சுருச்சு. அப்புறம் ஒண்ணு கேட்டா சார். கத்தல, அழல, விலை கேக்கற மாதிரி கேட்டா.

"என்னால முடியும்னு ஒருநாள்கூட நீ நினைக்கலயா அத்தை?"

பீன்ஸ் ஒடியற சத்தம் கேட்ட அன்னிக்கே நினைச்சேன்டி, அதனாலதான்டின்னு வாய்க்குள்ளயே வச்சுக்கிட்டேன். அப்படின்னா எதுக்குத் தள்ளினேன்னு கேட்டா எனக்கே தெரியாது. அதுக்கப்புறம் அவ ஆடவே இல்ல. மட்டையெல்லாம் குடுத்துட்டா. ஏழு வருஷம். அந்தச் சத்தத்தை நான் கேட்டு ஏழு வருஷம் ஆச்சு. உங்க காலேஜ்ல பொண்ணுங்களுக்கு அடிச்சுக் காட்டறாளா? வாயாலதான் சொல்லிக் குடுக்கறாளா? பாத்திருந்தா சொல்லுங்க.

போன வாரம் போன் பண்ணினா. ஏழு வருஷத்துல மொதத் தடவ. கிளப் ஆபீஸ் போனுக்கு வந்துச்சு. எப்படி இருக்கேன்னு கேக்கல. "பெங்களூர்லயும் தொட்டியா?"ன்னா. இல்லம்மா, சத்தியமா இல்ல, மத்த ரெண்டும் உண்டு, அது இல்ல, ஷூ போட்டிருந்தேன்னு மூச்சு விடாம சொன்னேன். அவ சொன்னா, "வடக்கேயும் ஷூதான் போட்டிருந்த. அங்கயும் மொதல்ல இல்லன்னுதான் சொன்ன. எனக்காக நீ இல்லன்னுதான் அத்தை சொல்லுவ." வச்சுட்டா.

அவ்வளவுதான் சார். என் காலு படாம அவ ஒருதரம் ஜெயிச்சா, நான் பாத்தேன். அதைப் பாத்தவ உலகத்துலயே நான் ஒருத்தி. நான் சொன்னா அவ நம்ப மாட்டா. அடுத்தவங்க சொல்ல அங்க யாரும் இல்ல. தன்னோடது ஒண்ணுகூட இல்லன்னு நினைச்சுக்கிட்டே அந்தப் புள்ள உங்க கிரவுண்டுல நின்னு மத்த பொண்ணுங்களுக்குச் சொல்லிக் குடுத்துட்டிருக்கா.

அந்தப் பேப்பரைக் குடுங்க.

குடுங்க சார். மொதல்ல இல்லன்னு எழுதினதைக் கிழிச்சுருங்க. அதை அவகிட்டக் காட்டினா என்ன ஆகும்? பாத்தியா, மறுபடியும் பொய் சொல்றாங்கன்னு, பெங்களூரையும் அதோட சேத்துப் புதைச்சுருவா. வேலைக்காகத்தான் போட்டேன். இருந்துட்டுப் போகட்டும், வேலை போனாப் போகுதுன்னு சொல்ல எனக்கு மனசு வரல, ஆனா இது வேண்டாம். நீங்க கிழிக்கலைன்னா நான் கீழ வந்து உங்க பிரின்சிபால் முன்னால நின்னு சொல்லுவேன். எனக்கு பஸ் ஏறத் தெரியும்.

நன்றி சார். சின்னதாவே கிழிங்க.

இப்ப எழுதுங்க. இங்க நடந்த முதல் கப்புல பந்தை நகத்தினேன், மூணு தடவ. கோயமுத்தூர்ல எண்ணிக்கை தெரியாது, ஆனா நகத்தினேன். புஷ்பம், பதினாலாம் நம்பர். தமயந்திக்குத் தெரியாதுன்னு பெருசா எழுதுங்க. இதுனால கிளப்புல என் நம்பரை வாங்கிக்குவாங்க. வாங்கிக்கட்டும்.

பெங்களூருக்கு நேரா என்ன எழுதறதுன்னு கேக்கறீங்க. நீங்க நம்பறீங்களா சார், நான் தொடலன்னு? மூஞ்சியைப் பாத்துச் சொல்லுங்க. மொதல்ல மூணும் இல்லன்னு கையெழுத்து போட்டேன், ஒரு டீ குடிக்கறதுக்குள்ள ரெண்டு ஆமான்னேன். மூணாவதுக்கு மட்டும் என்ன மதிப்பு? நீங்களே தலையைக் குனிஞ்சுக்கறீங்க. அவளைக் குத்தம் சொல்லி என்ன?

எழுதாதீங்க. அந்த இடத்தை வெறுமனே விட்டுருங்க. நான் இல்லைன்னு சொன்னா அது பொய்னு ஆயிடும். ஆமான்னு சொன்னா அவளோடதை நானே பிடுங்கிக்கிட்ட மாதிரி. எந்தப் பக்கம் வாயை வச்சாலும் கெட்டுப் போகுது. அவ கேட்டா, பெங்களூரைப் பத்திக் கேடி ஒண்ணும் சொல்லலன்னு மட்டும் சொல்லுங்க. பலகையில விடறதா அழிக்கறதான்னு அவ பாத்துக்கட்டும். மரத்துக்கு அந்தப் பக்கம் போய் நின்னவ அவதானே, அவளுக்கு ஞாபகம் இருக்கும். நான் நாலு நாள் குறுக்க போகாம இருந்தேன். இன்னிக்கும் போகல.

எங்க போடணும் கையெழுத்து? இங்கயா?